அத்தியாயம் 7: அடுத்த பாட்டு யாருடையது?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிப் பக்கம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் உங்கள் பாட்டு காலையும் மாலையும் ஓடலாம். நார்த்தாமலை பங்குனித் திருவிழாவில் மைக்செட்காரர் அதை நாலு தடவை போட்டிருக்கலாம். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் மாடு அவிழ்க்கும்போது பின்னால் ஒலித்ததும் உங்கள் குரலாகவே இருக்கலாம். செயலிக்கு இதில் எதுவும் தெரியாது. பஸ்ஸில் ஓடுவது பென்டிரைவ். மைக்செட்டில் ஓடுவது யாரோ எங்கிருந்தோ இறக்கிய எம்பி3. ஸ்பாட்டிஃபை ஆகட்டும், யூடியூப் மியூசிக் ஆகட்டும், ஜியோசாவன் ஆகட்டும், தனக்குள் ஒருவர் போட்டுக் கேட்டதை மட்டுமே அது கணக்கில் எடுக்கும். கீரமங்கலம் சந்தையில் எல்லோருக்கும் முகம் தெரிந்த பாடகர் செயலியில் நேற்றுப் பிறந்தவராகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பதிவு செய்வதையும் விநியோகியைப் பிடிப்பதையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். பாட்டு ஏறிவிட்டது. அதை யாருக்கு, எந்தப் பாட்டுக்குப் பின்னால் செயலி போட்டுக் காட்டும்? இன்னொருவரோடு சேர்ந்து பாடினால் அந்தக் கணக்கு எப்படி மாறும்? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

ரேடியோ என்று எதைச் சொல்கிறோம்

திருச்சி வானொலி நிலையத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இருந்தார், குரல் தேர்வு இருந்தது, யார் பாடலாம் என்று முடிவு செய்ய மனிதர்கள் இருந்தார்கள். செயலியில் ரேடியோ என்பது தானாக உருவாகும் ஒரு பாட்டு வரிசை. ஒரு பாட்டையோ பாடகரையோ தேர்ந்தெடுத்து ‘ரேடியோ’ என்று தொட்டால் அதை ஒட்டிய பாட்டுகள் வரிசையாக வந்து நிற்கும். ஆல்பம் ஓடி முடிந்த பிறகு யாரும் கேட்காமலே அடுத்த பாட்டு தொடங்குகிறதே, ஆட்டோப்ளே, அதுவும் இந்த வகைதான். யூடியூபில் இதற்கு ‘மிக்ஸ்’ என்று பெயர். ஆப்பிள் மியூசிக்கில் ‘ஸ்டேஷன்’.

கோயில் திருவிழா மைக்செட்காரரைப் பாருங்கள். ஒரு பாட்டு முடியும் முன் கூட்டத்தைப் பார்க்கிறார். போன வருடம் இதே சாமிக்கு, இதே தெருவில், இந்தப் பாட்டுக்குப் பின்னால் எதைப் போட்டபோது கூட்டம் கலையாமல் நின்றது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். செயலி செய்வதும் இதே வேலை. அதன் ஞாபகம் மட்டும் கோடிக்கணக்கான ஆட்களுடையது.

அந்த ஞாபகத்தில் முதல் இடம், யார் எதையெல்லாம் சேர்த்துக் கேட்டார்கள் என்பதற்கு. உங்கள் பாட்டைக் கேட்ட 200 பேரில் 120 பேர் ஒரு குறிப்பிட்ட கானா பாடகரையும் கேட்டிருந்தால் நீங்கள் இருவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவீர்கள். கேட்பவர்கள் தாமே தொகுத்து வைக்கும் பிளேலிஸ்ட்டில் உங்கள் பாட்டுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களும் அப்படியே. அடுத்தது பாட்டின் ஒலி: வேகம், தாளம், எவ்வளவு துள்ளல், குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கணினி அளந்து வைத்திருக்கும். 2014இல் ஸ்பாட்டிஃபை வாங்கிய எக்கோ நெஸ்ட் என்ற நிறுவனத்தின் வித்தைகளில் இதுவும் ஒன்று. கேட்பவரே இல்லாத புதுப் பாட்டுக்குப் பெரும்பாலும் இந்த அளவைதான் துணை. மிச்சமிருப்பது, கேட்பவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பது. தள்ளிவிடுகிறாரா, சேமிக்கிறாரா, திரும்பக் கேட்கிறாரா.

பாட்டு நல்லதா கெட்டதா என்று செயலிக்குத் தெரியாது. ‘நம்ம ஊர்க்காரர், ஒரு வாய்ப்புக் கொடுப்போம்’ என்ற மனசும் கிடையாது. இதில் கோபப்பட எதுவும் இல்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சினிமா என்ற பெரிய வீடு

தமிழில் தனிக் கலைஞருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே கேட்பில் பெரும்பங்கு சினிமாப் பாட்டு. உங்கள் பாட்டைக் கேட்ட எல்லோரும் இளையராஜாவையும் ரஹ்மானையும் அனிருத்தையும் கேட்டிருப்பார்கள். அதனால் உங்கள் பெயரில் ரேடியோ போட்டால் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டே வந்து நிற்கும். அனிருத் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள், நீங்கள் வரமாட்டீர்கள். அவரைக் கேட்பவர்களில் உங்களைக் கேட்டவர்கள் கடலில் ஒரு துளிகூட இல்லை. வழி ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. பரிந்துரைக் கணினிகளை ஆராய்பவர்கள் இதைப் பிரபலத்தின் பக்கச்சாய்வு என்று பல வருடங்களாக எழுதிவருகிறார்கள். அதிகம் கேட்கப்பட்டது மேலும் காட்டப்படும், மேலும் காட்டப்பட்டது இன்னும் அதிகம் கேட்கப்படும்.

சினிமாப் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கலைஞர் பெயர் வரிசையில் பெரும்பாலும் முதலில் நிற்பவர் இசையமைப்பாளர். பாடியவர் அவருக்குப் பின்னால். கேட்பவர் பெயரைத் தொட்டால் முதலில் போய்ச் சேரும் பக்கம் இசையமைப்பாளருடையது. சினிமாவில் ஒரு பாட்டுப் பாடிவிட்டால் செயலியில் தன் தனிப்பாட்டுகளும் தானாக ஏறும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2018இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது பருவத்தில் வென்ற செந்தில் கணேஷ் புதுக்கோட்டை மாவட்டக்காரர். அவரும் மனைவி ராஜலட்சுமியும் அந்த மேடைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே ஊர் ஊராக நாட்டுப்புறக் கச்சேரி செய்துவந்தவர்கள். அவர்கள் மேடையில் பாடிவந்த மச்சான் பாட்டு, அம்ரிஷ் இசையில் ‘சின்ன மச்சான்’ ஆகி 2019 ஜனவரியில் ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் வந்தது. யூடியூபில் கோடிக்கணக்கில் ஓடியது. பிறகு 2021இல் ‘புஷ்பா’ படத்தின் தமிழ்ப் பதிப்பில் ராஜலட்சுமி பாடியது உங்களுக்கே தெரியும்.

மேடைப் பதிவும் சினிமாப் பதிவும் செயலிக்கு இரண்டு வேறு பாட்டுகள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் குறியீடு ஒன்று உண்டு. புதிதாகப் பதிவு செய்தால் புதுக் குறியீடு. ஒன்றின் கேட்புக் கணக்கு மற்றதில் சேராது, ஒன்றின் அக்கம்பக்கம் மற்றதன் அக்கம்பக்கம் ஆகாது. சினிமாப் பதிவிலிருந்து ரேடியோ போனால் அது குத்துப்பாட்டுகளின் தெருவுக்குப் போகும். மேடைப் பதிவிலிருந்து போனால் கிராமியப் பாடகர்களின் தெருவுக்குப் போகும். சினிமாவின் கூட்டத்தை மேடைப்பாட்டின் பக்கம் கொஞ்சமாவது திருப்ப வேண்டுமென்றால், சினிமாப் பாட்டு வெளியாகும் வாரத்தில் உங்கள் சொந்தப் பெயரில், சொந்தப் பக்கத்தில், அதே சுவையில் நாலைந்து பாட்டாவது ஏற்கெனவே இருக்க வேண்டும். உங்கள் பெயரைத் தொட்டு வந்தவர் அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனால் போனவர் போனவர்தான்.

கூட்டுப்பாட்டு எப்போது உதவும், எப்போது கெடுக்கும்

இருவர் சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டால் இருவருடைய கேட்பவர்களும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். இதுவரை எதிரெதிர்த் தெருவில் இருந்த இருவருக்கும் நடுவில் செயலி ஒரு கோடு போடுகிறது. தனிக் கலைஞரிடம் விளம்பரப் பணம் கிடையாது. அக்கம்பக்கத்தை மாற்றிக்கொள்ள அவரிடம் இருக்கும் ஒரே வலுவான கருவி கூட்டுப்பாட்டுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கோடு அழுத்தமாக விழ வேண்டுமென்றால் கூட்டுப்பாட்டைக் கேட்டவர் அங்கிருந்து உங்கள் தனிப்பாட்டுக்கு நகர வேண்டும். அவர் நகர்வாரா என்பது யாரோடு சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்களைவிட ஆயிரம் மடங்கு பெரியவரோடு ஒரு பாட்டுப் பாடினால் எண்ணிக்கை ஏறும், உங்கள் பெயர் அவருடைய கூட்டத்தில் காணாமல் போகும். உங்களைவிட மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பெரியவர், உங்கள் சுவைக்குப் பக்கத்துச் சுவைக்காரர் என்றால் அவருடைய ஆட்கள் உங்களையும் தேடி வருவார்கள். ஒப்பாரி பாடுபவர் ஒருவர் சென்னையின் ராப் பாடகரோடு சேரலாமா என்று கேட்பார்கள். சேரலாம். அதன்பிறகு ஓரிரண்டு மாதம் உங்கள் ரேடியோவில் ராப் பாட்டுகளாக வந்து குவியும். உங்கள் பழைய ஒப்பாரிகளை அந்தக் கூட்டத்துக்குக் காட்டும்போது அவர்கள் பத்து விநாடியில் தள்ளிவிடுவார்கள், அந்தத் தள்ளலும் கணக்கில் ஏறும். அதைத் தாங்க முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவாக இன்னும் இரண்டு பாட்டு கையில் தயாராக இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

பெயர் வரிசை என்ன செய்யும்: ஒரு பாட்டின் கதை

தமிழ்த் தனியிசையில் எல்லோருக்கும் தெரிந்த கூட்டுப்பாட்டு ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் மாஜா என்ற தளத்தின் வழியாக வெளியானது. தனிக் கலைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்தத் தளத்துக்கு ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவு இருந்தது. அறிவு எழுதிப் பாடினார், தீ பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் தலைமுறையை அறிவு அதில் கொண்டுவந்திருந்தார். வெளியானபோது தலைப்பில் முதலில் தீயின் பெயர், அடுத்து ‘ஃபீச்சரிங்’ என்று அறிவின் பெயர், பிறகு தயாரிப்பாளர் பெயர்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனியாக இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அப்போதும் அறிவு மேடையில் இல்லை. பாட்டு யாருடைய ஆக்கம் என்று அவர் எழுத, தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பை எழுத, வாரக்கணக்கில் விவாதம் ஓடியது. 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்றாண்டு ஆனபோது, தங்களுக்கு அந்தப் பாட்டிலிருந்து இதுவரை பணமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். மாஜா தரப்பு மறுத்துப் பதில் சொன்னது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இந்த நூல் வரவில்லை. கையேட்டுக்கு வேண்டியது இவ்வளவு: இத்தனை விவாதமும் மனிதர்களுக்கு நடுவில் நடந்தது. செயலி அதில் ஒரு சொல்லையும் கேட்கவில்லை. பாட்டு ஏறிய நாளில் படிவத்தில் யார் முதன்மைக் கலைஞர், யார் ஃபீச்சரிங், யார் தயாரிப்பாளர் என்று எழுதியிருந்ததோ அதை வைத்தே அது நடந்தது. அத்தனை பெரிய பாட்டுக்கே, அத்தனை பேர் தெரிந்த கலைஞர்களுக்கே மூன்றாண்டு கழித்தும் பணத்தகராறு தீரவில்லை என்றால், பொன்னமராவதி ஸ்டுடியோ ஒன்றில் ஒரே மதியத்தில் வாய்ப்பேச்சாக முடிக்கும் கூட்டுப்பாட்டின் கதி என்ன?

படிவத்தை நிரப்பும்போது

முதன்மைக் கலைஞர் என்று போட்டால் பாட்டு இருவர் பக்கத்திலும் சொந்தப் பாட்டாக நிற்கும். ஃபீச்சரிங் என்று போட்டால் அந்த இரண்டாமவர் பக்கத்தில் கீழே ‘இதிலும் பாடியிருக்கிறார்’ என்ற வகைப் பகுதிக்குப் போய்விடும். ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களுக்குப் புதுப் பாட்டை முன்கூட்டி அனுப்பும் வசதியும் ஃபீச்சரிங் கலைஞருக்குக் கிடையாது, முதன்மைக் கலைஞரே அனுப்ப வேண்டும். சரிபாதியாகப் பாடியிருந்தால் இருவரையும் முதன்மை என்றே போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நாலு வரி மட்டும் பாடிக் கொடுத்தவருக்கு ஃபீச்சரிங் மரியாதைக் குறைவு ஆகாது.

கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ பாடுபவர்கள் இரண்டு பெயரையும் ஒட்டி ஒரே கலைஞர் பெயராக ஏற்றுவதை நிறையப் பார்க்கிறேன். செயலிக்கு அது மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளுக்குச் சேரும் கேட்பு எதுவும், நாளை தனியாகப் பாடும்போது உங்களுக்கு உதவாது. தனித்தனிப் பெயராகவே ஏற்றுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் கலைக்குழு என்றால் மட்டும் குழுவின் பெயரை முதன்மையாக வைத்து, பாடியவரைக் கூடவே போடலாம்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. முத்து, செந்தில், கார்த்திக் என்று ஒரே பெயரில் எத்தனை பேர்! போதாததற்கு ஒரு ஸ்டுடியோ உங்கள் பெயரை ஆங்கிலத்தில் ஒரு ‘ஹெச்’ கூட்டி எழுதும், இன்னொன்று விட்டுவிடும், மூன்றாவது ஊர்ப்பெயரை முன்னால் சேர்க்கும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கமாக முளைக்கும். எந்தப் பக்கத்திலும் கூட்டம் சேராது, எந்த ரேடியோவும் உருவாகாது. ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, உங்கள் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பக்க முகவரிகளோடு செல்போனில் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு பாடினாலும் முதலில் அந்தக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பொதுவான பெயர் என்றால் ஊரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும், அவர் வழிவந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டை என்ற பெயரோடுதான் சங்கீத உலகத்தில் அறியப்பட்டார்கள்.

பறை, உறுமி, தவில், நாதஸ்வரம் வாசித்தவர்களையும் கலைஞர் வரிசையிலேயே போடச் சொல்லி அன்பினால் கேட்பவர்கள் உண்டு. முதன்மைப் பெயர்கள் நான்கைத் தாண்டினால் பல விநியோகிகள் ஆல்பத்தை ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ ஆக்கிவிடச் சொல்வார்கள். அப்படி ஆனால் யாருக்கும் பலனில்லை. வாத்தியக்காரர்களுக்குப் படிவத்தில் தனி இடம் இருக்கிறது: இன்னார், இன்ன வாத்தியம் என்று நிரப்பலாம். பத்து நிமிட வேலை, சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ரேடியோவுக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உறுமிக்காரருக்குத் தான் வாசித்ததற்கான ஒரே எழுத்துச் சான்று அதுவாக இருக்கக்கூடும்.

இப்படி எழுதி வைக்கும் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. குடுமியான்மலைக் குன்றில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இசைக் கல்வெட்டு உள்ளது. கிரந்த எழுத்தில் சுரக் கோவைகள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முடிவில், மகேசுவரனின் பக்தனும் ருத்ராசாரியரின் மாணவனுமான அரசன் ஒருவன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று வருகிறது. ஆசிரியர் பெயர் இருக்கிறது. எதற்காகச் செய்தான் என்பதும் இருக்கிறது. அரசன் பெயர் இல்லை. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் என்று பலகாலம் சொன்னார்கள், பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள், விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பாறையில் செதுக்கியவர்களுக்கே ஒரு பெயர் விட்டுப்போனால் இந்தக் கதி!

பாட்டு மரபுவழி வந்தது என்றால் மெட்டுக்கு நேராக ‘பாரம்பரியம்’ என்றே போடுங்கள். நடவுப்பாட்டையோ கும்மியையோ தன் சொந்த மெட்டு என்று பதிவு செய்தால், அதே மெட்டை வேறொருவர் பாடும்போது பாட்டு யாருடையது என்று தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி இருவருக்கும் நடுவில் வழக்கு மூட்டிவிடும். இணையத்தில் பலருக்கும் வாடகைக்கு விடும் பீட்டை வாங்கிப் பாடியிருந்தாலும் இதே தொல்லை. அப்படிப்பட்ட பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவே கூடாது, விநியோகியின் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள். ஊர் டிஜே உங்கள் பாட்டை ரீமிக்ஸ் செய்து ஏற்ற விரும்பினால் உங்கள் பெயர் முதன்மைக் கலைஞராகவும் அவர் பெயர் ரீமிக்ஸர் என்றும் வர வேண்டும். அவருடைய பெயர் மட்டும் மேலே இருந்தால் கேட்பு முழுவதும் அவர் பக்கம் போய்ச் சேரும்.

பங்கு பற்றிய பேச்சையும் பாட்டு ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், வரும் பணத்தில் யாருக்கு எத்தனை சதவீதம், யார் கணக்கிலிருந்து ஏறுகிறது, பாட்டை யார் சொன்னால் செயலியிலிருந்து நீக்கலாம். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில விநியோகிகள் பங்கைத் தாங்களே பிரித்து அவரவர் கணக்கில் போடுகிறார்கள், அது கிடைத்தால் சண்டையில் பாதி குறையும். ஸ்டுடியோக்காரர் ‘எல்லா உரிமையும்’ என்று அச்சடித்த தாளை நீட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. அந்தப் பணத்தை வசூலித்துத் தரும் சங்கம் ஐபிஆர்எஸ். எழுதுபவரும் மெட்டுப் போடுபவரும் அதில் உறுப்பினராவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வெளியிடும் வாரம்

வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாக ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ வழியாகப் பாட்டை அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அது சேரும். நான் சொல்வது மூன்று வாரம் முன்பே. விநியோகியிடம் ஒரு படமோ ஓர் எழுத்தோ தகராறாகி நாலு நாள் போவது சாதாரணம். ரிலீஸ் ரேடாரில் ஒரு வாரத்துக்கு ஒரு கலைஞரின் ஒரு பாட்டுத்தான் வரும். திருவிழா வருகிறதென்று ஆறு பாட்டை ஒரே வெள்ளிக்கிழமை கொட்டினால் ஐந்து வீண்.

ஸ்பாட்டிஃபை கணக்கில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு. நம் மேடைப்பாட்டுகளோ வணக்கத்தில் தொடங்கி, ஊர்ப் பெரியவர்களை அழைத்து, தன்னானே போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பல்லவிக்கு வரும். மேடைக்கு அது அழகு. செல்போனில் முன்பின் தெரியாத ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். வணக்கத்தையும் அழைப்பையும் ஸ்டுடியோப் பதிவில் விட்டுவிடுங்கள். தன்னானேயை விடாதீர்கள். அதையும் வெட்டச் சொல்லும் ஸ்டுடியோக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். முதல் விநாடியிலேயே குரலும் பறையுமாக வரும் தன்னானேயைப் போல ஆளை நிறுத்தி வைக்கும் தொடக்கம் வேறு இல்லை.

பென்டிரைவ் கூட்டத்தைச் செயலிக்குள் கொண்டுவருவதுதான் மீதி வேலை. அதற்கு நம்மிடம் ஒரு நல்ல சாதனம் இருக்கிறது: திருவிழா நோட்டீஸ். கலைநிகழ்ச்சி என்று உங்கள் படத்தைப் போடும் இடத்திலேயே ஒரு கியூஆர் குறியீட்டையும் போடச் சொல்லுங்கள். அது யூடியூப் முகப்புக்குப் போகக் கூடாது, ஒரே ஒரு பாட்டுக்குப் போக வேண்டும். மேடைக்குப் பின்னால் கட்டும் ஃபிளெக்ஸிலும் அதே குறியீடு. கலை இரவு முடிந்து கூட்டம் எழும் முன் ஒருமுறை மைக்கில் சொல்லுங்கள். ஒரே ஊரில் ஒரே இரவில் 60 பேர் ஒரே பாட்டைத் தொட்டுக் கேட்டு, அதில் 20 பேர் சேமித்தால், புதுக் கலைஞருக்கு அது நல்ல தொடக்கம்.

அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து ஆட்கள் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவின் நேரலையைப் பார்ப்பவர்கள் அவர்கள். அங்கே சந்தா கட்டணம் அதிகம் என்பதால் அங்கிருந்து வரும் ஒரு கேட்புக்குக் கிடைக்கும் பணமும் பெரும்பாலும் இந்தியக் கேட்பைவிட அதிகம். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எம்பி3 கோப்பை அனுப்பும் பழக்கத்தை நிறுத்திப் பாட்டின் இணைப்பை அனுப்புங்கள். கோப்பை அனுப்பினால் அத்தனை கேட்பும் கணக்கில் வராமல் போகும்.

காசு கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது

‘ஆயிரம் ஸ்ட்ரீம் இவ்வளவு ரூபாய்’ என்று செய்தி வரும். தொடவே தொடாதீர்கள். பொய்க் கேட்பு வெளிப்படையாகத் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து விநியோகியிடம் அபராதம் வசூலிக்கிறது, அவர் உங்களிடம் வசூலிப்பார், பாட்டையும் இறக்கிவிடலாம். அதைவிடக் கெடுதல் ஒன்றும் உண்டு. எங்கோ ஒரு பண்ணையில் ஓடும் போன்கள் உங்கள் கும்மிப்பாட்டோடு சேர்த்து எந்த மொழியின் எந்தப் பாட்டையெல்லாம் ஓட்டுகின்றனவோ அவையெல்லாம் உங்கள் அக்கம்பக்கம் ஆகிவிடும். அந்தக் குப்பையைப் பெருக்கி எடுக்க மாதங்கள் ஆகும்.

அதே 2024இலிருந்து இன்னொரு விதியும் வந்தது. 12 மாதத்தில் 1,000 கேட்பு எட்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவுப் பணம் கிடையாது. பத்துப் பாட்டுக்கும் தலா 300, 400 கேட்பு என்று பரவியிருப்பவருக்கு ஒரு ரூபாயும் வராது. குறைவாக வெளியிட்டு, வெளியிட்டதைத் தள்ளிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

சட்டப்படியான குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’. கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம். ரேடியோ, ஆட்டோப்ளே போன்ற இடங்களில் பாட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவார்கள், அந்த வழியாக வந்த கேட்புகளின் பணத்தில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் இதில் சேர்ந்தால் யாருக்கும் முன்னுரிமை இருக்காது, எல்லோருக்கும் பணம் மட்டும் குறையும் என்று 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களே கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் உங்கள் விநியோகி இந்த வசதியைத் தந்தால், ஏற்கெனவே கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பாட்டுக்கு இரண்டு மாதம் போட்டுப் பார்க்கலாம். ரேடியோ வழியாக வந்தவர்கள் சேமிக்கிறார்களா என்று பாருங்கள். சேமிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். கூட்டுப்பாட்டுக்கு இதைப் போடும் முன் கூடப் பாடியவரின் சம்மதம் வேண்டும், குறைவது அவருடைய பணமும்தான்.

உங்கள் ரேடியோவை நீங்களே கேட்டுப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, உங்கள் பாட்டுகளை அதிகம் கேட்டிராத ஒருவரின் போனில், உங்கள் பாட்டு ஒன்றிலிருந்து ரேடியோ போட்டு முதல் 20 பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் போனில் பார்த்தால் உங்கள் பழக்கம்தான் திரும்ப வரும். கூட்டுப்பாட்டு வெளியான பிறகு இரண்டு வாரத்திலும் ஆறு வாரத்திலும் இதையே செய்யுங்கள். கூடப் பாடியவரின் பக்கத்துப் பெயர்கள் உங்கள் பட்டியலில் வரத் தொடங்கியிருந்தால் கோடு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அவருடைய ரேடியோவில் உங்கள் தனிப்பாட்டு வருகிறதா என்றும் பாருங்கள், அது வருவதற்கு இன்னும் நாளாகும். ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ஸில் ரேடியோவிலிருந்து எத்தனை கேட்பு, கேட்பவர் தாமே தேடி வந்து கேட்டது எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும்.

பட்டியலில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேற்றுமொழிப் பாட்டுகள் குவிந்தால் முதலில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயருள்ள வேறு ஒருவரின் பாட்டு அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். ஸ்பாட்டிஃபைக்கு எழுதி அதைப் பிரிக்கச் சொல்லலாம். உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் மாட்டியிருந்தால் விநியோகி வழியாகத் திருத்துங்கள். அவசரத்தில் பாட்டை இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள், சேர்ந்த கணக்கு போய்விடும். விநியோகியை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், பழைய ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் அதே ஒலிக்கோப்பையும் அதே பெயர் எழுத்துக்கூட்டலையும் வைத்து முதலில் புதியவரிடம் ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை இறக்கச் சொல்லுங்கள். கூட்டுப்பாட்டு என்றால் மாற்றப்போகும் செய்தியைக் கூடப் பாடியவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருடைய பக்கத்திலும் பாட்டு சில நாள் இரட்டையாகத் தெரியலாம்.